இன்னொரு குவளை

பால்காரம்மா போனில் நீட்டி முழக்குகிறவள் அல்ல.

"தம்பி, சுட்டியை இன்னைக்கு ஏத்தி விட்டுடலாம்னு இருக்கேன். தரகர் வண்டியோட வர்றாரு. அதுக்குள்ள நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ."

வைத்துவிட்டாள்.

சுட்டி அவள் மாடு. ஏற்றுவது என்றால் அடிமாட்டுக்கு. அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை.

ஊசிக்காரன் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

அவன் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். ஊசி என்பது பேச்சுக்குத்தான். கேனுக்குள் திரவ நைட்ரஜனில் மெல்லிய பிளாஸ்டிக் குழல்கள் மூழ்கிக் கிடக்கும். அவற்றில் காளையின் விந்து உறைந்திருக்கும். பருவத்துக்கு வந்து கத்துகிற மாட்டுக்கு அதில் ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் இளக்கிச் செலுத்திவிட்டு வருவான். குழல் என்று யாரும் சொல்வதில்லை. குச்சி.

ஊரின் விளிம்பில், வீட்டுக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ மாடு கட்டிப் பிழைக்கிற தெருக்களெல்லாம் அவன் சுற்று. மோட்டார் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு நுழைந்தால், "மாப்பிள்ளை வந்தாச்சு, காளையெல்லாம் டப்பாவுல இருக்கு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவனும் சிரிப்பான். கொஞ்ச காலமாக அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது.

"போகாம என்னங்க தேநீரை மொறைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"போறேன்."

"அந்தம்மா மாடா? பாவம். இந்த வருஷம் ஒரு மாட்டுக்கும் சினை பிடிக்க மாட்டேங்குதாம். எல்லாம் வெயிலு."

வெயில் என்று முதலில் சொன்னவன் அவன்தான். யாரோ ஒருவர் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னான். அது தெருத்தெருவாகப் போய், கடைசியில் அவன் வீட்டு அடுப்படிக்கே வந்து சேர்ந்துவிட்டது.

மகள் ஆறாம் வகுப்பு. வெயில் தொடங்கும் முன் ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அன்று அறிவியல் வகுப்பில், திரவத்தைச் சூடாக்கினால் வாயுவாகும், வாயுவைக் குளிர்வித்தால் திரவமாகும் என்று பாடம். இவள் எழுந்து, "எங்கப்பா கேன்ல ஒண்ணு இருக்கு டீச்சர், அது குளிர்லயே கொதிக்கும்" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. மணி அடிப்பதற்குள் புளுகுணி என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

டீச்சர் சிரிக்கவில்லையாம். "அவ சொல்றது உண்மைதான். உங்கப்பாவால வந்து காட்ட முடியுமான்னு கேளு" என்றாராம்.

"வருவீங்களாப்பா?"

"வராம?"

அதுவரை எந்தப் பள்ளிக்கூடமும் அவனை எதற்கும் அழைத்ததில்லை. தானே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டான்.

டீச்சர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்தார். அவன் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, கேனை மெல்லச் சாய்த்து ஒரு எவர்சில்வர் குவளையில் கொஞ்சம் ஊற்றினான். பார்க்கத் தண்ணீர்தான். ஆனால் அடுப்பில்லாமல் தளதளவென்று கொதித்தது. குவளையின் வெளிப்புறம் வெள்ளையாக உறைபனி படர்ந்தது.

"ஏன் கொதிக்குது சொல்லுங்க? நமக்கு இது ரூமு. இதுக்கு இந்த ரூமே அடுப்பு. பூஜ்யத்துக்குக் கீழ நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரியிலயே இது கொதிச்சுப்போகும். அதுக்கு அந்தக் குளிரே சூடுதான்."

"புகை வருது அங்கிள்."

"அது இதோட புகை இல்ல. இதோட ஆவி கண்ணுக்குத் தெரியாது. காத்துல ஏற்கெனவே தண்ணி ஆவியா இருக்கு பாருங்க, நீங்க விடுற மூச்சுலயும் இருக்கு. குளிர் பட்டதும் அது பொடிப்பொடித் துளியாத் திரும்பிடுது. நீங்க பாக்குறது உங்க மூச்சைத்தான்."

பிள்ளைகள் ஊதி ஊதிப் பார்த்தார்கள். மகள் முன்வரிசையில், இப்ப என்ன சொல்றீங்க என்கிற முகத்தோடு நின்றாள். வந்த வேலை அத்தோடு முடிந்துவிட்டது.

"இன்னொண்ணு அங்கிள்" என்றது ஒரு குரல். பின்னாலேயே பல குரல்கள்.

இன்னொரு குவளை ஊற்றினான். வாயகன்ற பாத்திரத்தில் வெந்நீர் வாங்கி, அதில் கவிழ்த்தான். வெள்ளை மேகம் ஒன்று குப்பென்று எழுந்து, மேசையிலிருந்து வழிந்து, தரையில் ஓடிப் பிள்ளைகளின் கால்களை மறைத்தது. கைதட்டல் கேட்டுப் பக்கத்து வகுப்பு வந்தது. அவர்களுக்கும் காட்டினான். அடுத்த வகுப்பும் வந்தது. மகள் பக்கத்தில் வந்து சட்டையை இழுத்தாள்.

"போதும்ப்பா. மாட்டுக்கு வேணுமில்ல?"

"நாளைக்கு லாரி வந்துடும்டா" என்றான். இன்னொரு முறை சாய்த்தான்.

பிள்ளைக்குத் தெரிந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குக் காது சுடும்.

மறுநாள் நைட்ரஜன் லாரி வரவில்லை. வழியில் எங்கோ அச்சு முறிந்து நிற்பதாகச் சொன்னார்கள். நைட்ரஜனுக்குக் காத்திருக்கத் தெரியாது. கேனின் மூடி இறுக்கமாக இருக்காது. இருக்கவும் கூடாது, ஆவி வெளியேற வழி வேண்டும். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சத்தமில்லாமல் அது போய்க்கொண்டே இருக்கும். அளவு பார்க்கிற கறுப்புக் கோலை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டினால், எதுவரை நனைந்ததோ அதுவரை வெள்ளை பூக்கும். முதலில் நான்கு விரற்கடை பூத்தது. பிறகு இரண்டு. பிறகு கோல் கறுப்பாகவே வந்தது.

பக்கத்துச் சுற்று ஊசிக்காரரிடம் கேட்டிருந்தால் கொஞ்சம் தந்திருப்பார். எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்றும் கேட்டிருப்பார். அவன் கேட்கவில்லை.

ஒரு வழியாக லாரி வந்தது. குளிர்ந்திருக்கிற கேன் நைட்ரஜனை அடக்கமாக வாங்கிக்கொள்ளும். இந்தக் கேன் சீறியது. காய்ந்த வாணலியில் தண்ணீர் தெளித்த மாதிரி, ஊற்றிய முதல் பங்கெல்லாம் கொதித்து வெளியே போனது.

"என்னய்யா, வறண்டே போச்சா?" என்றார் லாரிக்காரர்.

"அடியில கொஞ்சம் கெடந்துச்சு."

அந்தப் பொய்க்கு அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

குச்சிகள் பார்க்க முன்போலவே இருந்தன. பால் கெட்டால் நாறும். பழம் கெட்டால் கறுக்கும். இது ஒரு தரம் இளகி மறுபடி உறைந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது, உள்ளே உயிர் மட்டும் இருக்காது. எல்லாமா போயிருக்கும், அடியில் கிடந்தது பிழைத்திருக்கும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு சுற்றுக்குப் போனான். போட்டான். மாடுகள் அடுத்த பருவத்துக்குத் திரும்பக் கத்தின. மறுபடி போட்டான்.

சுட்டிக்கு மூன்றாவது ஊசி போட்ட மறுவாரம், கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா சாப்பிடப் போன நேரத்தில் ஒரு குச்சியை இளக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தான். நல்ல குச்சி என்றால் உயிரணுக்கள் சந்தைக் கூட்டம் மாதிரி நெரிபடும். இதில் எல்லாம் கிடந்தபடி கிடந்தன. இன்னொன்றை வைத்தான். மூன்றாவதை வைக்கவில்லை. மிச்சத்தை அன்றே குப்பையில் போட்டுவிட்டுப் புதுக் குச்சி வாங்கிக்கொண்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை. இனிமேல் போடுகிறதெல்லாம் பிடிக்கும், போனது போகட்டும் என்று இருந்துவிட்டான்.

போனது எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

பால்காரம்மாவின் கொட்டகை வீட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டி இருந்தது. தகரக் கூரை. இரண்டு மாடுகள். ஒன்று கறக்கிறது. மற்றது சுட்டி; கறுப்பு உடம்பு, நெற்றியில் நாணய அளவுக்கு வெள்ளை. வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை கொட்டகை வரை கேட்டது.

"மெதுவாப் பேசு தம்பி. எழுந்தாருன்னா ஏத்துன்னு ஒரு பாட்டு, ஏத்தாதேன்னு ஒரு பாட்டு. தூங்கறப்பதான் அந்த மனுஷன் ஒரே பேச்சுல நிக்கிறாரு."

சுட்டியின் இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்தி நின்றது. சட்டையைக் கழற்றி மாட்டலாம்.

"என்னக்கா இப்படி இளைச்சுப்போச்சு?"

"புண்ணாக்கை நிறுத்திட்டேன். வெறும் வைக்கோல்தான். சினையும் இல்ல, பாலும் இல்ல, அதுக்கு எதுக்குத் தண்டச்சோறு?" மாட்டைப் பார்க்காமல் சொன்னாள்.

சுட்டி கழுத்தை நீட்டிக் கத்தியது.

"பருவத்துலதான்க்கா இருக்கு. இன்னொரு தடவை போட்டுப் பாத்துடுவோம். புதுக் குச்சி வந்திருக்கு. காசு வேணாம்."

"போன தடவையும் வேணாம்னுதான் சொன்னே." அவள் சிரித்தாள். "டாக்டரம்மாகிட்டயே சொன்னேன், எங்க ஊசிக்காரத் தம்பிக்கு, மாட்டுக்குப் பிடிக்கலன்னா எங்களவிட முகம் செத்துப்போகுதுன்னு. உன்னை மாதிரி ஒருத்தன் தேடினாலும் கெடைக்க மாட்டான்."

ஊசிக்காரன் குனிந்து மாட்டின் கால் குளம்பைப் பார்த்தான். குளம்பில் பார்க்க ஒன்றும் இல்லை.

"உன்னைக் கூப்பிட்டது ஊசி போடறதுக்கு இல்ல தம்பி. ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. குறை அது மேலதான்னு நீ சொல்லிட்டா நான் நிம்மதியா ஏத்திடுவேன். அவசரப்பட்டுட்டோமோன்னு நாளைக்கு உக்காந்து அடிச்சுக்க வேணாம் பாரு. சும்மா இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு வச்சிருக்க எனக்குத் தெம்பில்ல. கறக்கறதுக்கே தீவனம் பத்தல. அது மேல குறையே இல்லன்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் வச்சிருப்பேன். அது யாருக்குத் தெரியும்?"

அவனுக்குத் தெரியும்.

தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். வண்டி வரும், போகும், அடுத்த வாரம் இந்தக் கட்டுத்தறி காலியாக இருக்கும். அவனைத் திட்ட ஒரு ஆள் இருக்காது. சொன்னால் தெருவெல்லாம் தெரிந்துவிடும். இவ ஸ்கூல்ல வேடிக்கை காட்டப்போய்த்தான் எங்க மாடு போச்சு என்று மகளைக் கை காட்டுவார்கள். இதுவரை வாயைத் திறக்காததற்கு அவன் தனக்குச் சொல்லி வந்த காரணம் அது. நல்ல காரணம்தான். அவனிடம் நல்ல காரணங்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

சந்தில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. தரகர் இறங்கினார். பருத்த ஆள், தானே வண்டி ஓட்டி, தானே ஏற்றி, தானே இறக்குகிறவர்.

"அட, மாப்பிள்ளையே வழியனுப்ப வந்திருக்காரா" என்றார். பின்கதவைத் திறந்து பலகையைச் சரித்தார். "அம்மா, கயித்தைப் பிடிச்சு வாங்க. கண்ணைப் பாக்காதீங்க. பாத்தா ஏத்த முடியாது. நானே பாக்க மாட்டேன்."

பால்காரம்மா கட்டுத்தறியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். சுட்டி நகராமல் நின்றது.

"சொல்லு தம்பி."

"குறை அது மேல இல்லக்கா."

"பின்ன? வெயில் மேலயா?"

"என் மேல."

தரகர் சிரித்தார். "மாப்பிள்ளை மேலயே குறையா. இதை இப்பத்தான் கேள்விப்படறேன்." சிரிப்பு தனியாக நின்றது. நிறுத்திக்கொண்டார்.

"நான் போட்டது செத்த குச்சிக்கா. மூணு தடவையும். கேன்ல நைட்ரஜன் தீந்துபோய்க் குச்சியெல்லாம் கெட்டுப்போச்சு."

"தீந்துபோச்சா?"

"தீத்துட்டேன். ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு வேடிக்கை காட்டினேன். கை தட்டினாங்க. எம்பொண்ணு போதும்ப்பா, மாட்டுக்கு வேணும்னு சொன்னா. நான்தான் கேக்கல."

அவள் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"சந்தேகம் மொதல்லேர்ந்து. மூணாவது போட்டதுக்கப்புறம் நிச்சயமாத் தெரியும்."

"தெரிஞ்சும் வந்து காசு வேணாம்னு சொன்னே."

"ஆமா."

"வெயில்னு சொன்னே."

"சொன்னேன்."

"மத்தியானமெல்லாம் குடம் குடமாத் தண்ணி ஊத்தினேன் தம்பி. சாக்கை நனைச்சு நனைச்சு முதுகுல போட்டேன். தண்ணி ஆவியாப் போறப்ப ஒடம்புச் சூட்டையும் எடுத்துட்டுப் போகும்னு நீதானே சொல்லிக் குடுத்தே. சாக்கு காயறதுக்குள்ள அடுத்த சாக்கு. அது பாட்டுக்கு நடுங்கிக்கிட்டு நிக்கும், நான் விட மாட்டேன்."

 சாக்கைப் பற்றி அவன் சொன்னது சரி. அது ஒன்றுதான் சரி.

அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்று நினைத்துத் தோளை இறுக்கி வைத்திருந்தான். அவள் கயிற்றை மறுபடி கட்டினாள். மூலையிலிருந்த டின்னைத் திறந்து புண்ணாக்கை எடுத்து வாளியில் போட்டு, தண்ணீர் விட்டு, கையாலேயே கரைக்கத் தொடங்கினாள்.

தரகர் பலகை மேல் உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"எத்தனை வீட்டுல போட்டே?"

"கேன்ல இருந்ததெல்லாம்."

"அதான் பாத்தேன். இந்தப் பக்கம் என்னடா மாடெல்லாம் ஒரே சீரா மலடாப் போகுதேன்னு. பல்லு தேயாத மாடுய்யா எல்லாம். நமக்கென்ன, கெடைச்சா சரின்னு ஏத்திட்டேன்." விரல் மடக்கினார். "மொத நாள் மூலை வீட்டு வெள்ளை. அப்புறம் தச்சர் வீட்டுல ரெண்டு."

தச்சர் வீட்டுச் சின்ன மாட்டுக்கு வால் நுனி வெட்டுப்பட்டிருக்கும். ஊசி போடும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

"செங்கல் சூளைக்காரம்மா வீட்டுல…"

"போதும்ணே."

"ஏன் போதும்? கேளு. நான் ஏத்துனேன் இல்ல? நீ கேக்கக்கூட மாட்டியா?"

கேட்டான். எல்லாவற்றையும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. சிலவற்றின் நடை கூட.

சுட்டி வாளிக்குள் தலையை விட்டது. பால்காரம்மா கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அடுத்து எந்த வீட்டுக்கு தரகரே?"

"தையல்காரர் வீட்டுக்கு. அங்கயும் ஒண்ணு நிக்குது."

"அப்ப இவனையும் கூட்டிட்டுப் போங்க. அங்கயும் இவனே சொல்லட்டும்." பிறகு அவனைப் பார்த்தாள். "இதுக்குப் பருவம் தாண்டிடும். இப்பக் கேன்ல இருக்கிறது நல்லதா?"

"நல்லதுக்கா. நானே பாத்துட்டேன்."

"நீ பாத்துட்டேன்னா நான் எப்படி நம்பறது?"

அதையும் அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஊசிக்காரன் மோட்டார் சைக்கிளிலிருந்து கேனை இறக்கிக் கொட்டகையின் நிழலில் வைத்தான்.

"டாக்டரம்மாவை வரச் சொல்றேன். அவங்களே ஒரு குச்சியைப் பாத்துட்டு, அவங்க கையாலயே போடட்டும்."

"அப்ப அவங்ககிட்டயும் சொல்லணுமே."

"சொல்லணும்."

அங்கேயே நின்று போன் போட்டான். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்க, ஸ்கூல், லாரி, வறண்ட கேன், மைக்ராஸ்கோப் என்று வரிசையாகச் சொன்னான்.  மறுமுனையில் டாக்டரம்மா, "நீங்க எதையும் தொடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன். கேனோட சாவியை அந்தம்மாகிட்டக் குடுத்துட்டு, சாயங்காலம் ஆபீஸுக்கு வாங்க" என்றார். கேனில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. அவன் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.

தரகர் வெறும் வண்டியைக் கிளப்பினார். ஊசிக்காரன் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். பின்னால் தளர்ந்த சங்கிலி ஒன்று தரைப்பலகையில் உருண்டு உருண்டு இடித்தது.  தையல்காரர் வீட்டு முன் தரகர் வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். கதவைத் திறக்கவில்லை.

"நீ மொதல்ல எறங்கு" என்றார். "என்னைப் பாத்தா கயித்தை அவுத்துடுவாங்க."

அவன் இறங்கினான். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை, இந்தத் தையலை முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார்.

ஊசிக்காரன் வாசலில் நின்றான்.